வானத்தைப் பார்க்காத கேமரா

1926 மார்ச் 16. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஆபர்ன் என்ற ஊரில், பனி முற்றிலும் கரைந்திராத ஒரு பண்ணை நிலத்தில் நான்கு பேர் நின்றிருந்தனர். அவர்களில் ஒருவரான எஸ்தரின் கையில் சிறிய திரைப்படக் கேமரா இருந்தது. சாவி முடுக்கினால் ஏழு வினாடிகள் மட்டுமே ஓடக்கூடியது அது. எதிரே இரும்புச் சட்டத்தில் நின்ற ராக்கெட் பற்றவைக்கப்பட்டது. ஆனால், அது உடனே எழும்பவில்லை. எரிபொருள் கொஞ்சம் எரிந்து எடை குறையும்வரை நின்ற இடத்திலேயே இரைந்துகொண்டிருந்தது. அது தரையைவிட்டுக் கிளம்புவதற்குள் கேமராவின் ஏழு வினாடிகள் தீர்ந்துபோயின. 41 அடி உயரம், இரண்டரை வினாடி, 184 அடிக்கு அப்பால் வீழ்ச்சி. திரவ எரிபொருளால் இயங்கிய உலகின் முதல் ராக்கெட் பறந்த காட்சி இவ்வாறு படமாகாமலே போயிற்று.

பொழுதுபோக்காக ராக்கெட் செய்து பறக்கவிடுவோர் இன்று உலகெங்கும் இருக்கின்றனர். விரல் பருமனுள்ள காணொளிக் கேமராவை அதில் பொருத்துவது அவர்களுடைய பெருவிருப்பம். ஏவுவதற்குக் காத்திருக்கும்போதே மின்கலம் தீர்ந்துவிடுவது அவர்களுக்கும் பழகிய துயரம்தான். கேமராவைப் பக்கவாட்டில் ஒட்டினால் அந்தப் பக்கம் காற்றின் தடை கூடிப் பாதை சாய்கிறது. கூம்பு முனைக்குள் வைத்தால் முன்பக்க எடை கூடி நிலைத்தன்மை மேம்படுகிறது, ஆனால் வெளியே பார்க்க வழி செய்தாக வேண்டும். தரையில் மோதும்போது மின்தொடர்பு அறுந்தால் பதிவு முழுமை பெறாமல் வீணாகலாம். ராக்கெட்டில் எதைப் பொருத்துவது, எதை நோக்கித் திருப்பி வைப்பது என்று இவர்களுக்கு வெகுகாலம் முன்பே தலையை உடைத்துக்கொண்டவர், எஸ்தரின் கணவர் ராபர்ட் ஹட்சிங்ஸ் கோடார்ட்.

1882 அக்டோபர் 5 அன்று வூஸ்டர் நகரில் பிறந்த கோடார்ட், நோயால் அடிக்கடி பள்ளியைவிட்டு விலகி வீட்டில் கிடந்த சிறுவன். எச்.ஜி. வெல்ஸின் செவ்வாய்க் கிரகக் கதை அவரை ஆட்கொண்டது. 1899 அக்டோபர் 19 அன்று கிளைகளைக் கழிப்பதற்காக ஒரு செர்ரி மரத்தில் ஏறியவர், செவ்வாய்வரை செல்லும் ஊர்தி ஒன்றை மனக்கண்ணில் கண்டு, வேறு மனிதராக இறங்கினார். அந்த நாளைத் தம் வாழ்நாள் முழுவதும் ஆண்டுவிழாவாகக் கருதினார். 1913-இல் காசநோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. பிழைக்கமாட்டார் என்றே மருத்துவர்கள் கருதினர். மறு ஆண்டே பல கட்ட ராக்கெட்டுக்கும் திரவ எரிபொருள் ராக்கெட்டுக்கும் காப்புரிமை பெற்றார்.

அவருடைய வாழ்வின் போக்கைத் திருப்பியது நோயன்று, ஏளனம். மிக உயரங்களை எட்டும் வழி குறித்து அவர் எழுதிய ஆய்வறிக்கையை ஸ்மித்சோனியன் நிறுவனம் வெளியிட்டது. நிலவின் இருண்ட பகுதியில் ஒளிப்பொடியை வெடிக்கச் செய்து ராக்கெட் சென்றடைந்ததை நிரூபிக்கலாம் என்று அதில் ஓரிடத்தில் போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தார். பத்திரிகைகள் அதை மட்டும் பிடித்துக்கொண்டன. 1920 ஜனவரி 13 அன்று நியூயார்க் டைம்ஸ் தலையங்கம், வெற்றிடத்தில் உந்துவதற்கு எதுவும் இல்லையே, பள்ளி மாணவன் அறிந்த இயற்பியல்கூட இந்தப் பேராசிரியருக்குத் தெரியவில்லையே என்று நையாண்டி செய்தது. பிழை தலையங்கத்துடையது. ராக்கெட் காற்றை உதைத்து எழும்புவதில்லை. வெளியேறும் வாயுவுக்கு எதிர்வினையாகவே முன்னேறுகிறது. வெற்றிடத்திலும் உந்துவிசை உண்டு என்பதைச் சோதனையின் மூலம் கோடார்ட் முன்பே காட்டியிருந்தார். ஆயினும் பட்டப்பெயர்கள் நிலைத்துவிட்டன, அவர் தமக்குள் ஒடுங்கிப்போனார்.

இந்தப் பின்னணியில்தான் 1929 ஜூலை 17-ஆம் நாளைப் பார்க்க வேண்டும். அதே ஆபர்ன் பண்ணையிலிருந்து அன்று எழும்பிய ராக்கெட்டில் ஒரு காற்றழுத்தமானி, ஒரு வெப்பமானி, ஒரு சிறிய கேமரா ஆகியவை இருந்தன. அந்தக் கேமரா வானத்தைப் பார்க்கவில்லை. கீழே விரிந்த வயல்களையும் பார்க்கவில்லை. உடன் சென்ற இரு கருவிகளின் அளவுகளைப் பார்த்தவாறு அது பொருத்தப்பட்டிருந்தது. பாராசூட் விரியும் கணத்தில் அதன் மூடி திறந்து அளவுகளைப் படம் பிடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ராக்கெட் ஏறியது சுமார் 90 அடிதான். ஓர் உயரமான தென்னையின் உச்சியில் கிடைக்காத எந்த வானிலைச் செய்தி அங்கே கிடைத்துவிடும் என்று கேட்கலாம். ஆனால், அது ஓர் ஒத்திகை. உயரத்துக்குச் சென்று திரும்பும் ராக்கெட் சான்றோடு திரும்ப வேண்டும். கருவிகள் உடையாமல் மீள வேண்டும். அவை உடையாமல் மீண்டன. அழகிய காட்சியொன்றைப் படமெடுத்திருந்தால் அன்றே புகழ் பெற்றிருக்கலாம். தம்மைப் பொய்யர் என்று எண்ணிய உலகுக்கு முன், காட்சியைவிட எண்ணையே அவர் நம்பியதாக எனக்குத் தோன்றுகிறது.

உலகம் கவனித்தது எண்ணையன்று, சத்தத்தை. விமானம் விழுந்து நொறுங்கியதாக எண்ணி ஆம்புலன்ஸ்களும் காவலர்களும் பண்ணைக்கு விரைந்தனர். நிலவு ராக்கெட் தன் இலக்கை இரண்டு லட்சத்து முப்பத்தெட்டாயிரம் மைல்களுக்கு மேல் தவறவிட்டது என்று உள்ளூர்ப் பத்திரிகை கேலி செய்தது. மாநிலத் தீயணைப்புத் துறை இத்தகைய சோதனைகளுக்குத் தடை விதித்தது. அவமானம் என்று தோன்றிய அதே செய்தி விமானி சார்லஸ் லிண்ட்பெர்க்கின் கண்ணிலும் பட்டது. அவர் தேடிவந்து கோடார்ட்டைச் சந்தித்தார். அவருடைய பரிந்துரையால் குகன்ஹைம் குடும்பத்தின் நிதி கிடைத்தது. 1930-இல் கோடார்ட் தம்பதியர் நியூ மெக்சிகோவின் ராஸ்வெல் பாலைநிலத்துக்குக் குடிபெயர்ந்தனர்.

அங்கே சுழல்காட்டியால் பாதையைச் சீராக்கும் முறையையும், உந்து வாயுவின் பாதையில் தகடுகளை வைத்துத் திசைதிருப்பும் முறையையும் அவர் வளர்த்தெடுத்தார். 1937-இல் ஒரு ராக்கெட் எட்டாயிரம் அடிக்கும் மேல் சென்றதாகக் கணிக்கப்பட்டது. எஸ்தர் கேமராவும் கையுமாகவே நின்றார். எனினும், ஏளனத்துக்கு அஞ்சிய மனிதர் பகிர்தலுக்கும் அஞ்சினார். 1936-இல் வெளிவந்த சுருக்கமான அறிக்கைக்கு மேல் உலகுக்கு அவர் அதிகம் காட்டவில்லை. சிறு குழுவோடு எல்லாவற்றையும் தாமே செய்ய முயன்ற வேளையில், ஜெர்மனியில் பெரும் பொறியாளர் கூட்டம் அவரை மிஞ்சிச் சென்றது. ஏளனம் செய்தவர்களின் குற்றம் பெரிது. அவருடைய மௌனத்தின் விலையும் சிறிதன்று.

1945 ஆகஸ்ட் 10 அன்று தொண்டைப் புற்றுநோய் அவர் உயிரைப் பறித்தது. அடுத்த ஆண்டு அக்டோபர் 24 அன்று, அதே நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸில், ஜெர்மனியிடமிருந்து கைப்பற்றப்பட்ட வி-2 ராக்கெட் ஒன்று 65 மைல் உயரத்துக்குப் பாய்ந்தது. அதிலிருந்த கேமரா ஒன்றரை வினாடிக்கு ஒரு படமாக எடுத்துத் தள்ளியது. ராக்கெட் தரையில் மோதிச் சிதறியபோதும் எஃகுப் பேழைக்குள் இருந்த படச்சுருள் பிழைத்தது. விண்வெளியிலிருந்து பூமியை மனிதர் கண்ட முதல் படங்கள் அவை.

கணவரின் குறிப்பேடுகளைக் கொண்டு எஸ்தர் மேலும் 131 காப்புரிமைகளைப் பெற்றார். 1960-இல் அவற்றைப் பயன்படுத்தியதற்காக அமெரிக்க அரசு பத்து லட்சம் டாலர் வழங்கியது. அப்போலோ 11 நிலவை நோக்கிச் சென்றுகொண்டிருந்தபோது, ராக்கெட் வெற்றிடத்திலும் இயங்கும் என்பதை ஒப்புக்கொண்டு நியூயார்க் டைம்ஸ் தன் பழைய தலையங்கத்துக்குத் திருத்தம் வெளியிட்டது. அது வெளியான நாள் 1969 ஜூலை 17. ஆபர்ன் பண்ணையிலிருந்து அந்தச் சிறிய கேமரா எழும்பி அன்றோடு சரியாக நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.