காத்திருப்புக்குக் கணக்குக் கண்ட எர்லாங்

மின்னியல் பயிலும் மாணவர் அனைவரும் வோல்ட், ஆம்பியர், ஓம், வாட் ஆகிய அலகுகளை அறிவர். அளவுகளின் பெயர்களாகவே அவை நம் நாவில் பழகிவிட்டமையால், ஒவ்வொன்றும் ஒரு மனிதரின் பெயர் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அந்த வரிசையில் வைத்து எண்ணத்தக்க மற்றோர் அலகு எர்லாங். தொலைபேசித் துறையார் தம் கம்பிகளின் மேல் விழும் அழைப்புச் சுமையை இந்த அலகால்தான் அளக்கின்றனர். இப்பெயருக்கு உரியவர் டென்மார்க் நாட்டுக் கணித அறிஞர் அக்னர் கிராரப் எர்லாங்.

கணினி அறிவியல் துறையில் பாடம் நடத்தும் நான், தொலைபேசி அறிஞர் ஒருவரின் வரலாற்றை இம்மலரில் எழுத முற்பட்டதற்குக் காரணம் உண்டு. ஜாவா மொழியில் எழுதிய வலைப் பயன்பாட்டைத் தரவுத்தளத்துடன் இணைக்கும் பாடத்தை நான் ஆய்வகத்தில் நடத்தும்போதெல்லாம், மாணவர் என்னிடம் கேட்கும் முதற் கேள்வி, எத்தனை இணைப்புகள் வைக்க வேண்டும் என்பதே. இக்கேள்விக்கான விடையை, கணினி தோன்றுவதற்கு முன்னரே, 1917ஆம் ஆண்டில் எழுதி வைத்துவிட்டார் எர்லாங்.

எர்லாங் 1878ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் முதல் நாள், டென்மார்க்கின் ஜட்லாந்துப் பகுதியில் லோன்போர்க் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர். தாய் சமயப் பணியாளர் குடும்பத்தில் தோன்றியவர். இளமையில் இவருடைய படிப்பார்வத்தைக் காட்டும் செய்தி ஒன்றுண்டு. மாலை வேளைகளில் உடன்பிறந்தவர் ஒருவர் நூலை நேராக வைத்துப் படிக்க, எதிரே அமர்ந்த எர்லாங் அதே பக்கத்தைத் தலைகீழாகவே படித்துவிடுவாராம். 14ஆம் வயதில் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் தொடக்கத் தேர்வை எழுத முன்வந்தபோது வயது போதவில்லை என்று தடை எழுந்தது. சிறப்பு அனுமதி பெற்றுத் தேர்வெழுதி, பாராட்டத்தக்க வகையில் தேறினார். பின்னர் இரண்டாண்டுகள் தந்தையின் பள்ளியிலேயே கற்பித்தார்.

1896இல் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் வெற்றி பெற்றார். வசதி குறைந்த குடும்பம். உணவும் உறைவிடமும் தந்த உதவித்தொகையே அவர் படிப்பைக் காத்தது. 1901இல் கணிதத்தை முதன்மைப் பாடமாகவும் வானியல், இயற்பியல், வேதியியல் ஆகியவற்றைத் துணைப் பாடங்களாகவும் கொண்டு முதுகலைப் பட்டம் பெற்றார். அடுத்து ஏறத்தாழ 7 ஆண்டுகள் பல பள்ளிகளில் ஆசிரியராக இருந்தார். அப்பணிக்கு இடையிலும் ஆராய்ச்சியை அவர் கைவிடவில்லை.

அந்நாட்டுக் கணித அறிஞர் சங்கத்தில் அவர் சந்தித்த ஒருவரே அவர் வாழ்வைத் திருப்பினார். அவர் ஜோகன் ஜென்சன். கணிதத்தில் ஜென்சன் சமனின்மை என்று நாம் படிக்கும் தேற்றத்துக்கு உரியவர். அவருக்குப் பிழைப்பு தந்த தொழில் தொலைபேசிப் பொறியியல். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் அவர். எர்லாங்கின் ஆற்றலைக் கண்டு, நிறுவன இயக்குநர் ஜோகான்சனிடம் அவரை அறிமுகப்படுத்தினார். 1908இல் எர்லாங் அந்நிறுவனத்தில் சேர்ந்து, அதன் ஆய்வகத்துக்குத் தலைவரானார். பெயர்தான் தலைவர்; தொடக்கத்தில் உதவிக்கு ஆளில்லை. தரையடிக் கம்பிகளில் ஏற்படும் மின்கசிவை அளக்க, ஏணி சுமக்கும் ஒரு தொழிலாளியுடன் தெருத் தெருவாகச் சென்று, சாலைக் குழிகளுக்குள் தாமே இறங்குவார். கணிதம் கற்றவர் கையில் மண் படலாகாது என்று அவர் கருதவில்லை.

அந்நாளில் தொலைபேசி நிறுவனங்களைத் தொல்லைப்படுத்திய சிக்கல் ஒன்றிருந்தது. ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டுத் தொலைபேசியின் அருகிலேயே காத்துக் கிடந்த அனுபவத்தை வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஊரில் ஆயிரம் பேர் தொலைபேசி வைத்திருக்கலாம். ஆயிரம் பேரும் ஒரே நேரத்தில் பேசுவதில்லை. எனவே ஆயிரம் பேருக்கும் தனித்தனிக் கம்பி இழுப்பது வீண் செலவு. மிகக் குறைவாக இழுத்தாலோ பேச வருவோர் காத்து நிற்பர். அப்படியானால் எத்தனை கம்பிகள் போதும்? அனுபவமுள்ள பொறியாளர்கள் குத்துமதிப்பாக ஒரு விடை சொல்வார்கள். கணக்கால் விடை காண முயன்றவர் எர்லாங்.

1909இல் வெளியிட்ட கட்டுரையில், அழைப்புகள் ஒன்றையொன்று சாராமல் வந்து சேரும்போது, குறித்த நேரத்துக்குள் வரும் அழைப்புகளின் எண்ணிக்கை பிரெஞ்சு அறிஞர் புவாசோனின் நிகழ்தகவு விதிக்கு அடங்கும் என்று காட்டினார். யார் எப்போது அழைப்பார் என்று கூற இயலாது. ஆயினும் பலர் கூடிய கூட்டத்தின் போக்கைக் கூற இயலும். 1917இல் வெளியான கட்டுரையில் இரண்டு வாய்பாடுகளைத் தந்தார். கம்பி இல்லாத அழைப்பு திருப்பி அனுப்பப்பட்டால் எத்தனை அழைப்புகள் இழக்கப்படும் என்பதைச் சொல்வது ஒன்று. அழைப்பு வரிசையில் நின்றால் எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்பதைச் சொல்வது மற்றொன்று. இரண்டுக்கும் அடிப்படை ஒரே பெருக்கல். ஒரு நொடியில் வரும் அழைப்புகளின் எண்ணிக்கையை, ஓர் அழைப்பு கம்பியைப் பிடித்திருக்கும் சராசரி நொடிகளால் பெருக்கினால் வருவது சுமை. இச்சுமையின் அலகே இன்று எர்லாங் எனப்படுகிறது.

இனி நம் ஆய்வகத்துக்கு வருவோம். டாம்கேட் போன்ற ஜாவா சர்வரில் ஓடும் பயன்பாடு ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் தரவுத்தளத்துடன் புதிய இணைப்பு ஏற்படுத்தினால், வலையமைப்பில் தொடர்பு கொள்ளவும், கடவுச்சொல்லைச் சரிபார்க்கவுமே நேரம் கழியும். ஆகவே சில இணைப்புகளை முன்கூட்டியே திறந்து ஒரு தொகுப்பாக வைத்துக்கொள்கிறோம். கனெக்ஷன் பூல் என்று நாம் சொல்வது இதனையே. முன்பு நம் ஊர்களில் இருந்த வாடகை சைக்கிள் கடையைப் போன்றது இது. கடையில் 8 சைக்கிள்கள் இருக்கும். வந்தவர் எடுத்துச் செல்வார், வேலை முடிந்ததும் கொண்டுவந்து விடுவார். எட்டும் வெளியே போயிருந்தால் ஒன்பதாவது ஆள் கடை வாசலில் நிற்க வேண்டியதுதான்.

டாம்கேட்டின் அமைப்புக் கோப்பில் தரவுத்தள வளத்தை அறிவிக்கும் இடத்தில் நாம் வேறு எண் தராவிட்டால், ஒரே சமயத்தில் வெளியே செல்லத்தக்க இணைப்புகள் 8 என்றே அது கொள்ளும். காத்திருக்கும் நேரத்துக்கு எல்லை தராவிட்டால், வரம்பின்றிக் காத்திருக்கும்.

எர்லாங்கின் கணக்கை இங்கே போட்டுப் பார்ப்போம். நொடிக்கு 20 வேண்டுகோள்கள் வருகின்றன. ஒவ்வொன்றும் இணைப்பைச் சராசரியாக 0.2 நொடி பிடித்திருக்கிறது என்க. சுமை 4 எர்லாங். அப்படியானால் 4 இணைப்புகள் போதும் என்றே பலரும் எண்ணுவர். வாய்பாடோ 4 இணைப்புகள் வைத்தால் வரிசை முடிவின்றி வளரும் என்கிறது. 5 வைத்தால் நூற்றுக்கு ஏறத்தாழ 55 பேர் காத்திருப்பர். 6 வைத்தால் 28 பேர். 8 வைத்தால் 6 பேர் மட்டுமே. அந்த எட்டையும் நான்கு நான்காகப் பிரித்து, சுமையையும் பாதி பாதியாக்கி இரு தொகுப்புகளாக வைத்தாலோ, காத்திருப்போர் நூற்றுக்கு 17 ஆகிவிடுவர். ஒன்றாக வைத்துப் பகிர்ந்துகொள்வதே சிக்கனம் என்பது எர்லாங்கின் கணக்கு காட்டும் உண்மை.

அப்படியானால் எட்டை எண்பதாக்கிவிட்டால் கவலை தீர்ந்ததா? தீராது. போஸ்ட்கிரஸ் என்னும் தரவுத்தளம் ஒவ்வோர் இணைப்புக்கும் தனியே ஒரு செயல்முறையை இயக்குகிறது. வேறு எண் தராவிட்டால் மொத்த இணைப்புகளுக்கு 100 என்னும் வரம்பையும் வைத்திருக்கிறது. இரண்டு சர்வர்கள் ஆளுக்கு 80 இணைப்புகள் கேட்டால் வரம்பு உடைந்து இணைப்பு மறுக்கப்படும். வரம்பை உயர்த்தினாலும், கணினியின் செயலிகள் அதே எண்ணிக்கைதான். பலர் ஒரே நேரத்தில் உள்ளே புகுந்தால் ஒவ்வொருவர் வேலையும் மெதுவாகும், இணைப்பைப் பிடித்திருக்கும் நேரம் கூடும், சுமையும் கூடும். மேற்சொன்ன எடுத்துக்காட்டில் 0.2 நொடி 0.4 நொடியானால் சுமை 8 எர்லாங். நேற்று வரை போதுமாயிருந்த 8 இணைப்புகள் இன்று முடிவற்ற வரிசையை உண்டாக்கிவிடும். வருவோர் எண்ணிக்கையோ மாறவே இல்லை. சரியான சுட்டுவரிசை இல்லாத ஒரு மெதுவான வினவலே இதற்குப் போதும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. விண்ணப்பம் ஒன்றின் கடைசி நாளன்று ஒரு கணினி மையத்தில், அன்றைய கூலியை விட்டுவிட்டு மகளுடன் வந்திருந்த தாய் ஒருவரை நான் கண்டேன். திரையில் சக்கரம் சுழன்றுகொண்டே இருந்தது. முடியும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. மாலை வரை காத்திருந்து, பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று இருவரும் எழுந்து போயினர். இப்படிச் சுழலும் சக்கரத்தின் பின்னே பல காரணங்கள் இருக்கலாம். அவற்றுள் ஒன்று, எல்லையற்றுக் காத்திருக்கவிடப்பட்ட இணைப்புத் தொகுப்பு. காத்திருப்புக்கு நொடிக் கணக்கில் ஓர் எல்லை வைத்து, பின்னர் வருக என்ற செய்தியையேனும் காட்டுவது, வந்தவரை மதிக்கும் செயலாகும். அதனால்தான் என் மாணவர் எழுதும் அமைப்புக் கோப்பில் அந்த ஒரு வரி இருக்கிறதா என்று நான் முதலில் பார்க்கிறேன்.

அடுத்து நான் பார்ப்பது, எடுத்த இணைப்பு திருப்பித் தரப்படுகிறதா என்பதை. நிரலில் பிழை நேர்ந்து பாதியில் வெளியேறும் வழியில் இணைப்பை மூடாமல் விட்டால், அந்தச் சைக்கிள் கடைக்குத் திரும்பவே திரும்பாது. எட்டு முறை இது நேர்ந்தால் கடை காலி. 2011இல் வந்த ஜாவா 7ஆம் பதிப்பு முதல், பிழை நேர்ந்தாலும் தானே மூடிவிடும் எழுத்து முறை மொழியிலேயே உள்ளது. அதைப் பயன்படுத்தாமலிருக்கக் காரணமே இல்லை. மற்றொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். எர்லாங்கின் வாய்பாடு, வருவோர் ஒருவரையொருவர் சாராமல் வருவதாகக் கொள்கிறது. தேர்வு முடிவு வெளியாகும் நேரத்தில் எல்லோரும் ஒருசேர வருவர். அந்த நேரத்துக்குச் சராசரியை நம்பாமல், உச்சச் சுமையை அளந்து கணக்கிட வேண்டும்.

எர்லாங்கின் கட்டுரைகள் தேனிய மொழியிலிருந்து பிற மொழிகளுக்கும் சென்றன. பிரிட்டிஷ் அஞ்சல் துறை அவர் வாய்பாட்டை ஏற்று, தன் தொலைபேசி இணைப்பகங்களில் பயன்படுத்தியது. அவரோ புகழுக்கு ஒதுங்கியே வாழ்ந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. கணிதம், வானியல், இயற்பியல் நூல்களைத் தேடிச் சேர்த்த பெரிய நூலகமே அவர் செல்வம். ஏழைகள் அவர் வீட்டுக்கும் ஆய்வகத்துக்கும் வந்து உதவி கேட்பர். பிறர் அறியாதபடி கொடுத்தனுப்புவார். ஏறத்தாழ 20 ஆண்டுப் பணியில் உடல்நலக் குறைவென்று ஒருநாளும் விடுப்பு எடுக்காதவர், 1929 ஜனவரியில் வயிற்று நோயால் மருத்துவமனையில் சேர்ந்தார். பிப்ரவரி 3ஆம் நாள், 51ஆம் வயதில் மறைந்தார்.

அவர் மறைந்து 17 ஆண்டுகள் கழித்து, 1946இல், பன்னாட்டுத் தொலைபேசி ஆலோசனைக் குழு சுமையின் அலகுக்கு அவர் பெயரை ஏற்றது. 1980களில் ஸ்வீடன் நாட்டு எரிக்சன் நிறுவனத்தில் உருவான நிரல் மொழிக்கும் எர்லாங் என்றே பெயர் அமைந்தது.

மாணவ நண்பர்களே, நாளை உங்களுள் சிலர் பல்லாயிரம் மக்கள் பயன்படுத்தும் வலைப் பயன்பாடுகளை அமைக்கப் போகிறீர்கள். அப்போது அமைப்புக் கோப்பில் நீங்கள் இடும் ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும், எங்கோ ஒரு திரையின் முன் காத்திருக்கும் ஒரு மனிதர் இருக்கிறார். அந்த எண்ணைக் குத்துமதிப்பாக இடாதீர்கள். எத்தனை பேர் வருகின்றனர், ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் பிடித்திருக்கின்றனர் என்று அளந்து, பெருக்கி, பிறகு இடுங்கள். எண்ணைக் கூட்டுவதற்கு முன் பிடித்திருக்கும் நேரத்தைக் குறையுங்கள். பொதுவில் எடுத்ததை வேலை முடிந்தவுடன் திருப்பி வைத்தால் குறைந்த பொருளும் பலருக்குப் போதும் என்பதே எர்லாங் நமக்கு விட்டுச் சென்ற கணக்கு.