பட்டாணித் தோட்டத்துத் துறவி

உழவர் தாம் விளைத்த பயற்றைக் களத்தில் அடித்துத் தூற்றி, வெயிலில் உலர்த்தி, அடுத்த பருவத்து விதைக்கெனச் சேமித்து வைப்பர். சில திங்கள் கழித்துத் திறந்து பார்க்கும்போது மணிதோறும் சிறு துளையும் உள்ளே வெறுமையும் காணப்படுவதுண்டு. உண்ணவும் விதைக்கவும் உதவாதபடி அம்மணிகளைக் குடைந்தவை சிறு வண்டுகளின் புழுக்களே. இக்கேட்டினை விதையின் இயல்பைக் கொண்டே தடுக்க முடியும் என்பதை இன்றைய உழவியல் அறிஞர் அறிவர். அவ்வறிவிற்கு அடிப்படை அமைத்தவர் பட்டாணியைப் பயிரிட்டு அதன் மணிகளை எண்ணிய ஒரு துறவி. அவரே கிரிகர் மெண்டல்.

மெண்டல் 1822ஆம் ஆண்டில், அந்நாளில் ஆஸ்திரியப் பேரரசைச் சேர்ந்ததும் இந்நாளில் செக் நாட்டில் உள்ளதுமான ஒரு சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் யோகான் என்பது. தந்தையார் எளிய உழவர். பழமரங்களைப் பேணி வளர்ப்பதில் விருப்பம் மிக்கவர். 1838ஆம் ஆண்டில் மரம் ஒன்று விழுந்து அவர் கடுமையாகக் காயமுற்றார். குடும்பம் வறுமையில் ஆழ்ந்தது. கல்வி இடையில் நின்றுவிடுமோ என்று மெண்டல் கலங்கிய வேளையில், அவருடைய தங்கை தெரேசியா தன் திருமணத்திற்கென ஒதுக்கப்பட்ட பொருளில் ஒரு பகுதியை அண்ணனின் படிப்பிற்கு ஈந்தாள். மெண்டல் அந்நன்றியை மறந்தாரல்லர். பிற்காலத்தில் அவளுடைய மைந்தர் மூவரின் கல்விக்கும் அவரே துணை நின்றார்.

1843ஆம் ஆண்டில் அவர் புரூன் நகரத்து அகஸ்தீனியத் துறவியர் மடத்தைச் சேர்ந்து, கிரிகர் என்னும் பெயர் பூண்டார். ஆசிரியப் பணியில் அவருக்கு ஆர்வம் மிகுதி. ஆயினும் ஆசிரியருக்குரிய தேர்வில் 1850ஆம் ஆண்டில் தோல்வியுற்றார். மடத்துத் தலைவர் அவரை வியன்னாப் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பினார். அங்கு அவர் இயற்பியலும் தாவரவியலும் விலங்கியலும் பயின்றார்.

புரூனுக்கு மீண்டதும் அவருடைய கருத்தை ஈர்த்த உயிர்களுள் ஒன்று பட்டாணி வண்டு. அது வயலிலேயே பச்சைக் காயின்மீது முட்டையிடும். வெளிவரும் புழு காயைத் துளைத்து மணிக்குள் புகுந்து, அதனை உண்டு வளர்ந்து, வண்டாகி வெளியேறும். இவ்வண்டைப் பற்றி மெண்டல் எழுதிய சிறு கட்டுரை 1854ஆம் ஆண்டில் வியன்னாவில் வெளிவந்தது.

அதே ஆண்டில் அவர் முப்பத்து நான்கு வகைப் பட்டாணி விதைகளைத் திரட்டினார். அவை தலைமுறைதோறும் தம் இயல்பு மாறாது முளைக்கின்றனவா என்று ஈராண்டுகள் சோதித்த பின்னரே, 1856ஆம் ஆண்டில் ஆராய்ச்சியைத் தொடங்கினார். அரும்பு மலருமுன் அதன் மகரந்தப் பைகளை நீக்குவார். வேறுவகைச் செடியின் மகரந்தத்தை அதன் சூல்முடியில் இடுவார். வண்டு முதலியவை அயல் மகரந்தத்தைச் சேர்த்து முடிவைக் கெடுத்துவிடக் கூடுமன்றோ? அதனை அறிந்துகொள்ளச் சில செடிகளைத் தொட்டிகளில் வளர்த்து, பூக்கும் காலத்தில் கண்ணாடி மனைக்குள் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்.

உருண்டை மணிச் செடியையும் சுருங்கிய மணிச் செடியையும் கலந்தபோது, முதல் தலைமுறையில் உருண்டை மணிகளே தோன்றின. சுருக்கம் அழிந்து போயிற்றா? இல்லை. அம்மணிகளை விதைத்துப் பெற்ற அடுத்த தலைமுறையில் 5474 மணிகள் உருண்டையாகவும், 1850 மணிகள் சுருங்கியும் இருந்தன. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று என்னும் அளவு அது. மறைந்த பண்பு அழிவதில்லை. ஓங்கிய பண்பின் பின்னே ஒதுங்கி நின்று மீண்டும் வெளிப்படுகிறது என்பது புலனாயிற்று. எட்டு ஆண்டுகள், ஏழு பண்புகள், ஆயிரக்கணக்கான செடிகள்! எண்ணி எண்ணி அவர் கண்ட உண்மை இது.

1865ஆம் ஆண்டில் புரூன் நகர இயற்கையறிவுக் கழகத்தில் தம் முடிவுகளை இரு கூட்டங்களில் எடுத்துரைத்தார். மறு ஆண்டு அவை அச்சேறின. ஆனால் அவற்றின் அருமையை உணர்ந்தார் இலர். 1868ஆம் ஆண்டில் மெண்டல் மடத்துத் தலைவரானார். நிருவாகப் பொறுப்பும் அரசினர் விதித்த வரியை எதிர்த்த நெடிய வழக்காடலும் அவர் காலத்தைக் கவர்ந்தன. 1884ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் அவர் மறைந்தார். மடத்துத் தலைவருக்குரிய சிறப்புடன் அடக்கம் நிகழ்ந்தது. அறிவியல் உலகமோ தான் இழந்தது யாரை என்று அறியவில்லை.

1900ஆம் ஆண்டில் ஐரோப்பிய அறிஞர் மூவர் அவர் கண்ட விதியை உலகிற்கு மீண்டும் உணர்த்தினர். 1905ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிஃபன் என்பவர், கோதுமை துருநோயைத் தாங்கும் ஆற்றலும் அவ்விதிப்படியே வழிவழி வருவதைக் காட்டினார். நோயைத் தாங்கும் ஆற்றல் மரபில் வருமாயின், பூச்சியைத் தாங்கும் ஆற்றலும் வரலாமன்றோ?

பட்டாணி வண்டின் உறவான பயறு வண்டு அதனினும் கொடியது. சேமித்த இடத்திலேயே மீண்டும் மீண்டும் பெருக வல்லது. 1980களில் ஜப்பானிய அறிஞர்கள் மடகாஸ்கர்த் தீவைச் சேர்ந்த காட்டுப் பாசிப்பயறு ஒன்றை ஆராய்ந்தனர். அதன் மணிக்குள் புகுந்த புழுக்கள் வளர மாட்டாமல் மடிந்தன. அதனை வயற் பயற்றுடன் கலந்தபோது, வண்டைத் தாங்கும் ஆற்றல் ஓங்கிய பண்பாக, மெண்டல் கண்ட மூன்றுக்கு ஒன்று என்னும் அளவிலேயே வெளிப்பட்டது. அவ்வாற்றலை நல்ல விளைச்சல் தரும் பயற்றில் சேர்க்கவும், அம்மணி உண்பார்க்குத் தீங்கற்றதா எனத் தேர்ந்தறியவும் அறிஞர் முயல்வாராயினர்.

இளமையில் வண்டின் கேட்டினை ஆராய்ந்த மெண்டல், அதற்குரிய மருந்து தாம் எண்ணிய மணிக் கணக்கிலேயே உள்ளதென அறிந்திலர். பயன் உடனே கிட்டாவிடினும் செய்யும் பணியைச் செம்மையாகச் செய்தார். அவர் விதைத்தது பட்டாணி மட்டுமன்று.