அலையைத் திரட்டிய அறிஞர்

வானொலி என்றதும் பலர் மார்க்கோனியை நினைப்பர். எனக்கு ஜகதீஷ் சந்திர போஸ்தான் நினைவுக்கு வருவார்.

1858இல் மைமன்சிங்கில் பிறந்து, கேம்பிரிட்ஜில் பயின்ற அவர், 1885இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியரானார். ஐரோப்பியரைவிடக் குறைந்த ஊதியமே தரப்பட்டதால், மூன்று ஆண்டுகள் சம்பளம் வாங்காமலே பாடம் நடத்தினார். இறுதியில் முழு ஊதியமும் நிலுவையோடு கிடைத்தது.

1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில் கம்பியின்றித் தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார். அதோடு நிற்கவில்லை; அலையை உணரும் ஏற்பியைத் திருத்திக்கொண்டே இருந்தார். அதன் முன் கூம்புக் குழல் பொருத்தி, ஒரு திசையின் அலையைத் திரட்டினார். கலீனா படிக ஏற்பிக்கு 1904இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. நம் பாயான் லெப்பாஸ் ஆலைகளின் குறைகடத்திகளுக்கு அது முன்னோடி.

பினாங்கின் மலைகளும் அடுக்குமாடிகளும் வானொலி அலைகளை எதிரொளிக்கின்றன. காவல், தீயணைப்புப் பணிகளுக்கான இலக்கமுறை வானொலியில், ஒரே செய்தி பல வழிகளில் முன்பின்னாக வந்து கலந்தால், அலை வலுவாக இருந்தும் சொற்கள் சிதையும். அப்போது ஒலியைக் கூட்டிப் பயனில்லை; அலைவாங்கியை இடம் மாற்ற வேண்டும், ஒரு திசையை மட்டும் நோக்க வைக்க வேண்டும்.

போஸ் 1937இல் மறைந்தார். நண்பர்களே, ஆபத்தில் எழும் ஒரு குரல் தெளிவாகக் கேட்க வேண்டுமானால், ஏற்பியைச் செம்மையாக்கும் அவர் உழைப்பை நாமும் தொடர வேண்டும் என்பேன்.