பக்கத்தில் அம்மா இல்லாத அடுப்படிக்கு எழுதியவர்: ‘சமைத்துப் பார்’ மீனாட்சி அம்மாள்

கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறி கிள்ளானில் இறங்கும்போது பலருக்கு மணி ஏழைத் தாண்டிவிடும். வீட்டில் பிள்ளைகள் பசியோடு காத்திருப்பார்கள். வழியில் கடையில் பொட்டலம் கட்டி வாங்கிப் போவதா, அரிசியைக் களைந்து போட்டு ஒரு ரசமும் ஒரு காயும் வைத்துவிடுவதா என்ற யோசனை ரயிலிலேயே தொடங்கிவிடும். சமைக்கலாம் என்று முடிவு செய்தாலும் அடுத்த கேள்வி வந்து நிற்கும். புளி எவ்வளவு? பருப்புக்குத் தண்ணீர் எவ்வளவு? உடனே அம்மாவுக்கு ஒரு போன். அம்மா இல்லாதவர்களுக்கு யூடியூப்.

போனும் யூடியூப்பும் இல்லாத காலத்தில் இதே கேள்விகளோடு பல இளம்பெண்கள் அடுப்படியில் தனியாக நின்றார்கள். அவர்களுக்காக ஒருவர் உட்கார்ந்து, அளவோடும் விவரத்தோடும் தமிழில் எழுதினார். 1951ஆம் ஆண்டு சென்னையில் வெளிவந்த அந்தப் புத்தகத்தின் பெயர் ‘சமைத்துப் பார்’. எழுதியவர் எஸ். மீனாட்சி அம்மாள். அவர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. புத்தகம் இன்னும் அச்சில் இருக்கிறது.

இளம் வயதிலேயே விதவை

மீனாட்சி அம்மாள் 1905ஆம் ஆண்டு பிறந்தவர். அந்தக் கால வழக்கப்படி சிறு வயதிலேயே திருமணம் நடந்தது. ஆனால் இருபதுகளிலேயே கணவரை இழந்தார். கையில் ஒரு மகன். வீட்டில் மாமியாரும் கொழுந்தனாரும் இருந்தார்கள். அந்தக் குடும்பத்தைக் கவனிக்கும் பொறுப்பு அவர் மேல் விழுந்தது.

அந்தக் காலத்துப் பிராமணக் குடும்பங்களில் இளம் விதவையின் வாழ்க்கை எப்படி இருந்தது என்பதை இன்றைய வாசகர்கள் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். விதவை மறுமணத்தைச் சட்டம் 1856ஆம் ஆண்டிலேயே அனுமதித்துவிட்டது. வழக்கம் அனுமதிக்கவில்லை. கல்யாணம், வளைகாப்பு போன்ற சுப காரியங்களில் விதவை முன்னால் வந்து நிற்கக்கூடாது. கணவரின் சொத்தில் இந்து விதவைக்கு ஓரளவு உரிமை கொடுத்த சட்டம் 1937ஆம் ஆண்டில்தான் வந்தது. மீனாட்சி அம்மாள் கணவரை இழந்தபோது அதுவும் இல்லை.

அப்படிப்பட்ட பெண்ணுக்கு வீட்டில் ஒதுக்கப்பட்ட இடம் அடுப்படிதான். விடிந்ததிலிருந்து இரவு வரை பலருக்கும் சமைத்துப் போடும் வேலை. அந்த வேலைக்குச் சம்பளமும் கிடையாது, பெயரும் கிடையாது. மீனாட்சி அம்மாளின் வாழ்க்கையில் குறிப்பிடத்தக்க விஷயம், அவர் அந்த அடுப்படிக்குள் இருந்துகொண்டே தனக்கென ஒரு பெயரையும் தொழிலையும் உண்டாக்கிக்கொண்டதுதான்.

கடிதங்கள் புத்தகமான கதை

மீனாட்சி அம்மாளின் கைப்பக்குவம் உறவினர்களிடமும் நண்பர்களிடமும் பேர் பெற்றிருந்தது. கல்யாணமாகி வெளியூர் போன பெண்கள் சமையல் சந்தேகங்களை அவரிடம் கேட்டார்கள். செய்முறை கேட்டுக் கடிதங்கள் வந்தன. அவரும் பதில் எழுதினார்.

கடிதத்தில் பதில் சொல்வது வேறு, நேரில் சொல்லிக்கொடுப்பது வேறு. நேரில் என்றால் கையைப் பிடித்துக் காட்டலாம், நிறத்தைக் காட்டி இப்போது இறக்கு என்று சொல்லலாம். கடிதத்தில் எல்லாவற்றையும் எழுத்தில் கொண்டுவர வேண்டும். கொஞ்சம் உப்பு என்று எழுதினால் படிப்பவருக்குப் புரியாது. எவ்வளவு, எப்போது, எவ்வளவு நேரம், எந்தப் பதம் என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும்.

இதைப் பார்த்த ஒரு பெரியவர், இவற்றையெல்லாம் சேர்த்துப் புத்தகமாகப் போடலாமே என்று யோசனை சொன்னார். அவர் மீனாட்சி அம்மாளின் உறவினரான கே.வி. கிருஷ்ணசாமி ஐயர். சென்னையில் பெயர் பெற்ற வழக்கறிஞர், மியூசிக் அகாடமியின் தலைவராக இருந்தவர். அவருடைய ஊக்கத்தில் எழுதத் தொடங்கிய மீனாட்சி அம்மாள், 1951ஆம் ஆண்டு முதல் பாகத்தை வெளியிட்டார். அடுத்தடுத்த பாகங்களும் பின்னால் வந்தன.

தமிழில் அதுதான் முதல் சமையல் புத்தகம் என்று சொல்ல முடியாது. அதற்கு முன்பே பாகசாஸ்திரம் என்ற வகையில் நூல்கள் அச்சில் இருந்தன. ஆனால் சமையலே தெரியாத ஒரு பெண் தனியாகப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சமைத்துவிடலாம் என்ற நம்பிக்கையைத் தமிழ்க் குடும்பங்களில் பரவலாக ஏற்படுத்தியது மீனாட்சி அம்மாளின் புத்தகம். தேவையான பொருள்கள் அளவோடு முதலில் வரும். செய்முறை அதன் பின்னால் வரும். படிப்பவருக்கு இது முன்பே தெரிந்திருக்கும் என்று எதையும் அவர் விட்டுவிடவில்லை.

சென்னையிலும் மலாயாவிலும் அளந்த அரிசி

அந்தப் புத்தகம் வந்தபோது சென்னையில் அரிசிக்குப் பங்கீடு நடப்பில் இருந்தது. போர்க்காலத்தில் தொடங்கிய உணவுக் கட்டுப்பாட்டை ராஜாஜி முதலமைச்சராகி 1952ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில்தான் நீக்கினார். ஆகவே அளந்து சமைப்பது அன்றைய சென்னைக் குடும்பங்களுக்கு நாகரிகம் அல்ல, கட்டாயம்.

அதே 1951ஆம் ஆண்டில் மலாயாவில் அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. காட்டில் இருந்தவர்களுக்கு உணவு போய்ச் சேரக்கூடாது என்பதற்காக அரிசிக்குக் கட்டுப்பாடு போட்டார்கள். டின் உணவை விற்கும்போதே கடைக்காரர் டின்னில் ஓட்டை போட்டுக் கொடுக்க வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் கேட்டைத் தாண்டிச் சோறு எடுத்துப் போகக்கூடாது. பிந்திய ஆண்டுகளில் சில இடங்களில் வீட்டில் அரிசி வைத்துக்கொள்ளவே விடாமல், பொது அடுப்பில் வடித்த சோற்றைப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். வடித்த சோறு சீக்கிரம் கெட்டுவிடும், பதுக்க முடியாது என்பதே காரணம்.

விடியுமுன் பெரட்டுக்குப் போய், பால்மரம் வெட்டி, பால் நிறுத்திவிட்டு லயத்துக்குத் திரும்பிய தோட்டத்துப் பெண்களும் அந்த அளவு அரிசியில்தான் ராத்திரிச் சோறு ஆக்கினார்கள். சென்னையில் ஒரு பெண் அளவுகளை எழுதி அச்சேற்றிய காலத்தில், இங்கே அவர்கள் அதே அளவுகளைக் கையிலும் கண்ணிலும் வைத்திருந்தார்கள். அவர்களிடம் கடிதம் எழுதிக் கேட்க யாரும் இல்லை. ஏனென்றால் மகளும் மருமகளும் அதே லயத்தில், பக்கத்து வீட்டில் இருந்தார்கள்.

ஆழாக்கும் பலமும்

‘சமைத்துப் பார்’ எழுதப்பட்டபோது இந்தியாவில் கிலோவும் லிட்டரும் நடைமுறைக்கு வரவில்லை. மெட்ரிக் அளவுமுறைக்கான சட்டம் 1956ஆம் ஆண்டு வந்து, பிறகுதான் படிப்படியாக அமலானது. ஆகவே அரிசிக்கும் பருப்புக்கும் ஆழாக்கு, எடைக்குப் பலம் என்று பழைய அளவுகளே புத்தகத்தில் இருந்தன. எட்டு ஆழாக்கு ஒரு படி. ஒரு பலம் ஏறக்குறைய 35 கிராம். நாற்பது பலம் ஒரு வீசை. மலாயாக் கடைகளில் அப்போது காத்தி, தாஹில், கந்தாங் என்று வேறு அளவுகள் இருந்தன.

சமையல் அடுப்பும் வேறு. விறகு அல்லது கரி. ரசத்துக்கு ஈயச் சொம்பு, அரைக்க அம்மியும் ஆட்டுக்கல்லும். இந்தியாவில் பிரஷர் குக்கர் தயாரிப்பே 1959ஆம் ஆண்டு வாக்கில்தான் தொடங்கியது. மீனாட்சி அம்மாள் 1962ஆம் ஆண்டு காலமானார். அவர் எழுதிய சமையலில் பெரும்பகுதி, இன்றைய வசதிகள் எதுவும் இல்லாத அடுப்படியில் செய்து பார்த்தது.

அவருடைய குடும்பத்தின் அடுத்த தலைமுறையினர் புத்தகத்தை விட்டுவிடவில்லை. காலத்துக்கு ஏற்பத் திருத்திப் பதிப்புகளைத் தொடர்ந்தார்கள். ஆங்கிலத்திலும் ‘குக் அண்ட் சீ’ என்ற பெயரில் வந்தது. கல்யாணப் பெண்ணுக்குச் சீரோடு இந்தப் புத்தகத்தையும் கொடுப்பது பல குடும்பங்களில் வழக்கமானது. படிக்கவும் வேலைக்காகவும் கடல் கடந்து போனவர்களின் பெட்டியிலும் அது இடம் பிடித்தது.

கறி என்றால் கறி அல்ல

மலேசியத் தமிழர் ஒருவர் இந்தப் புத்தகத்தை முதன்முதலாகத் திறந்தால் ஒரு வார்த்தையில் தடுமாறலாம். அதில் கறி என்றால் காய்கறியில் செய்யும் பொரியல். கோழிக்கறி, ஆட்டுக்கறி, மீன்கறி எதுவும் அதில் கிடையாது. நெத்திலிக்கும் கருவாட்டுக்கும் இடமில்லை. அது ஒரு குறிப்பிட்ட சமூகத்தின் சைவச் சமையல். தமிழர் சமையல் முழுவதும் அதற்குள் இருப்பதாக எண்ணிவிடக்கூடாது. தோட்டத்து மீன்குழம்பும், முருங்கைக்கீரையில் கருவாடு போட்ட குழம்பும் தமிழர் சமையல்தான்.

ஆனாலும் வார நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அந்தச் சமையலில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. ரசம், கூட்டு, பொரியல், பச்சடி, துவையல் எல்லாமே வீட்டில் இருக்கும் பொருளில், அன்றே வாங்கிய காயில் முடிந்துவிடும்.

உதாரணத்துக்குப் பருப்பை எடுத்துக்கொள்ளலாம். துவரம்பருப்பை ஒரே ஒரு முறை குழைய வேகவைத்தால் போதும். மேலே தெளிந்து நிற்கும் பருப்புத் தண்ணீர் ரசத்துக்கு ஆகும். அடியில் தங்கும் பருப்பு கூட்டுக்கு ஆகும். சௌசௌவோ பூசணியோ நறுக்கி வேகவைத்து, தேங்காய், சீரகம், பச்சைமிளகாய் அரைத்து விட்டு, அந்தப் பருப்பைச் சேர்த்தால் கூட்டு தயார். ரசத்துக்குப் புளித்தண்ணீரைத் தக்காளியோடு பச்சை வாசனை போகக் கொதிக்கவிட்டு, மிளகும் சீரகமும் பொடித்துப் போட்டு, பருப்புத் தண்ணீரை ஊற்ற வேண்டும். அதன் பிறகு கொதிக்க விடக்கூடாது. நுரை கட்டி மேலே வந்ததும் இறக்கிவிட வேண்டும். சோறு குக்கரில் வேகும் நேரத்துக்குள் இரண்டும் முடியும். அசைவம் சாப்பிடும் வீடுகளில் பக்கத்தில் இரண்டு மீன் துண்டைப் பொரித்து வைத்தால் சாப்பாடு நிறைந்துவிடும்.

இதில் கஷ்டமான வேலை எதுவும் இல்லை. எப்போது இறக்குவது என்பது மட்டும் தெரிய வேண்டும். அந்த ஒன்றைச் சொல்ல ஆள் இல்லாததால்தான் பலர் சமையலையே விட்டுவிடுகிறார்கள்.

எழுதி வைக்காத சமையல்

தோட்டங்கள் துண்டாடப்பட்டும், கைமாறியும், வீடமைப்புக்குப் போயும் குடும்பங்கள் கிள்ளான், ஷா ஆலாம், பூச்சோங் என்று அடுக்குமாடிகளுக்கு வந்துவிட்டன. அடுத்த லயத்தில் இருந்த பெரியம்மா இப்போது வேறு ஊரில் இருக்கிறார். மகள் ஒரு வீட்டில், மருமகள் இன்னொரு வீட்டில். 1951ஆம் ஆண்டு தோட்டத்துப் பெண்களுக்குத் தேவைப்படாத கடிதம், அவர்களின் பேத்திகளுக்குத் தேவைப்படுகிறது.

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் மளிகைக்கும் காய்கறிக்கும் குறைவில்லை. கறிவேப்பிலையிலிருந்து வாழைப்பூ வரை கிடைக்கிறது. குறைவது பக்குவம் சொல்லும் ஆள்தான். பல வீடுகளில் பாட்டி வைத்த குழம்பின் அளவு பாட்டியோடு போய்விட்டது. கேட்டால், அவர் கைக்கு அது வரும் என்று மட்டும் சொல்வார்கள்.

மீனாட்சி அம்மாளின் கைக்கும் அது வந்திருக்கும். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. கையை நிறுத்தி, ஆழாக்கால் அளந்து, அளந்ததை எழுதினார். எங்கோ ஓர் ஊரில் தனியாக நிற்கும் பெண் அதைப் படித்துச் சமைக்க முடிய வேண்டும் என்பதே அதற்குக் காரணம். தலைப்பிலும் அதைத்தான் வைத்தார். படித்தால் போதாது, சமைத்துப் பார்க்க வேண்டும்.

அந்த வேலைக்குப் பெரிய படிப்போ பணமோ வேண்டியதில்லை. அடுத்த முறை அம்மா குழம்பு வைக்கும்போது, அவர் கையில் அள்ளிய மிளகாய்த்தூளைக் குழம்பில் போடுமுன் ஒரு கரண்டியில் கொட்டி அளந்து, ஒரு நோட்டில் எழுதிக்கொண்டால் போதும். மீனாட்சி அம்மாளும் யாரோ ஒருவர் கேட்ட ஏதோ ஒரு சந்தேகத்துக்குப் பதில் எழுதித்தான் தொடங்கினார்.