சுரங்க ஊரிலிருந்து ஒரு அக்கார்டியன்

கல்ச்சுரல்ஸ் நடுவில கரண்ட் போயிட்டா என்ன ஆகும்? டிஜே கையைக் கட்டிக்கிட்டு நிப்பார், கூட்டம் ஓன்னு கத்தும், பத்தே நிமிஷத்தில் பாதிப் பேர் கேன்டீனில் இருப்போம். இப்போ வேற ஒரு காட்சியை யோசிச்சுப் பாருங்க. மைக் கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது. வெளியே முழங்கால் அளவு பனி. பலகைத் தரையில் ஒரு ஊரே கனமான காலணியோடு ஆடிக்கொண்டிருக்கிறது. அந்தச் சத்தத்தை மீறி, கடைசி மூலையில் நிற்பவருக்கும் கேட்கிற மாதிரி நள்ளிரவு தாண்டியும் வாசிக்க வேண்டும். 1920களில் அமெரிக்காவின் வடக்கு ஓரத்தில், உங்களையும் என்னையும்விட வயதில் சின்னப் பெண் ஒருவர் அதைச் செய்தார். பெயர் வியோலா துர்பெய்னென்.

மிச்சிகன் மாநிலத்தின் மேல் தீபகற்பத்தில் சாம்பியன் என்று ஒரு இரும்புச் சுரங்க ஊர். பெயரைப் பார்த்துப் பெரிய ஊர் என்று நினைத்துவிடாதீர்கள், ரொம்பச் சின்னது. 1909 நவம்பரில் வியோலா அங்கே பிறந்தார். அப்பா சுரங்கத் தொழிலாளி. ஃபின்லாந்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் அந்தப் பக்கம் வந்து சுரங்கத்திலும் மரம் வெட்டும் காட்டிலும் உழைத்துக்கொண்டிருந்த காலம் அது. (அதே தீபகற்பத்தில் ஹஃப்டன் ஊரில் 1885ல் சுரங்கப் பொறியியலுக்காக ஒரு கல்லூரி தொடங்கினார்கள். இன்றைய மிச்சிகன் டெக் அதுதான். நம்ம ஜாதிக்காரங்க அப்பவே அங்கே ஆஜர்!)

இந்த ஃபின்லாந்துக்காரர்கள் ஒற்றுமையாக இருந்தார்கள் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். தேவாலயத்துக்காரர்கள் ஒரு பக்கம், சிவப்புக் கொடிக்காரர்கள் இன்னொரு பக்கம். மதுவிலக்குச் சங்கம் தனி. தேவாலயத்துக்காரர்களில் ஒரு பிரிவுக்கு ஆட்டம் என்றாலே பாவம். 1913ல் அங்குள்ள தாமிரச் சுரங்கங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாலை, காலுமெட் ஊரின் இத்தாலியர் மன்றத்தில் தொழிலாளர் குழந்தைகளுக்கு விழா. தீ என்று யாரோ கத்தினார்கள். தீயே இல்லை. படிக்கட்டில் நெரிசலாகி 73 பேர் செத்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள், அதிலும் பெரும்பாலும் ஃபின்லாந்துக் குடும்பத்துக் குழந்தைகள். வியோலாவுக்கு அப்போது நான்கு வயது. அதற்குப் பிறகு அந்தச் சமூகத்துக்குள் பிளவு இன்னும் ஆழமாகத்தான் போனது.

ஊருக்கு ஊர் இவர்கள் கட்டிக்கொண்ட மன்றங்கள்தான் எல்லாவற்றுக்கும் இடம். நாடகம், கூட்டம், உடற்பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம். வியோலா வளர்ந்தது அந்த மேடைகளில்.

முதலில் கையில் எடுத்தது பொத்தான் வைத்த அக்கார்டியன். இங்கே கொஞ்சம் டெக்னிக்கலாகப் போவோம், பொறுத்துக்கோங்க. அக்கார்டியனும் நம்ம ஹார்மோனியமும் ஒரே குடும்பம். துருத்தி காற்றைத் தள்ள, உள்ளே இருக்கும் உலோக நாக்கு அதிர்ந்து ஒலிக்கிறது. பழைய பொத்தான் பெட்டியில் ஒரே பொத்தானுக்குத் துருத்தியை அமுக்கினால் ஒரு சுரம், இழுத்தால் வேறு சுரம். ஸ்ருதிகளும் ஒன்றிரண்டுதான் கிடைக்கும். பியானோ அக்கார்டியனில் இந்தத் தொல்லை இல்லை. அமுக்கினாலும் இழுத்தாலும் அதே சுரம், பன்னிரண்டு ஸ்ருதியும் கைக்குள். அமெரிக்காவில் இதைப் பிரபலப்படுத்தியவர்கள் இத்தாலியர்கள். வியோலா அதற்கு மாறினார். ஃபின்லாந்துப் பாரம்பரியம் என்றால் வயலின், அல்லது மடியில் வைத்து மீட்டும் காந்தெலே என்று சொல்லும் ஆள் அன்றும் இருந்திருப்பார். ஆனால் காந்தெலேயை மன்றத்தில் வாசித்தால் முதல் வரிசைக்கே கேட்காது! பாரம்பரியம் பிழைக்க வேண்டுமென்றால் சில நேரம் கருவியை மாற்றத்தான் வேண்டும் என்பது என் கட்சி.

ஜான் ரோசெண்டால் என்ற வயலின்காரர் இவர் திறமையைப் பார்த்து ஜோடி சேர்த்துக்கொண்டார். அவர் ஃபின்லாந்தில் பிறந்தவர், வயதிலும் மூத்தவர். இருவரும் ஊர் ஊராகச் சுற்றினார்கள். 1928ல் நியூயார்க்கில் விக்டர் கம்பெனிக்கு வாசித்துப் பதிவு செய்தபோது வியோலாவுக்கு 18 வயது. அதாவது, நம்ம ஃபர்ஸ்ட் இயர். இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிஷம்தான் கொள்ளும். மன்றத்தில் ஆடுபவர்கள் களைக்கும்வரை போகிற போல்காவை அந்த மூன்று நிமிஷத்துக்குள் அடக்கியாக வேண்டும். அடக்கினார்கள். சில்வியா போல்சோ என்ற இன்னொரு பெண்ணும் அக்கார்டியனோடு சேர்ந்துகொண்டார். வியோலாவின் ஆட்டக் கச்சேரியைப் பற்றி ஆன்ட்டி சிர்யானியெமி என்ற பாடகர் ஒரு பாட்டே எழுதி இசைத்தட்டாக வெளியிட்டார் என்றால் புகழைப் பார்த்துக்கோங்க.

ஆனால் காலம் எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருந்தது. 1924ல் வந்த குடியேற்றச் சட்டம் புதிதாக வருகிறவர்களை ஏறக்குறைய நிறுத்திவிட்டது. 1929க்குப் பிறகு பொருளாதார மந்தம், இசைத்தட்டு வாங்கக் கையில் காசில்லை. 1930களின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான அமெரிக்க, கனடா ஃபின்லாந்துக்காரர்கள் சோவியத் கரேலியாவுக்குக் கப்பலேறிப் போனார்கள். போனவர்களில் பலர் மன்றங்களின் தூண்கள். இங்கேயே தங்கியவர்களின் பிள்ளைகளோ பள்ளியில் ஆங்கிலம் படித்து வீட்டு மொழியை மெதுவாக விட்டுக்கொண்டிருந்தார்கள். 1932ல் ரோசெண்டாலும் இறந்துபோனார்.

வியோலா நிறுத்தவில்லை. மினசோட்டாவின் க்ளோக்கே ஊர்க்காரரான வில்லியம் சிர்யாலாவைத் திருமணம் செய்துகொண்டார். அவரும் ஊதுகருவியும் டிரம்ஸும் வாசிக்கும் கலைஞர். நியூயார்க்கில் குடியிருந்துகொண்டு, ஹார்லெமில் இருந்த ஃபின்லாந்து மன்றத்தில் வாசிப்பார்கள். கோடை வந்தால் மிச்சிகன், மினசோட்டா, விஸ்கான்சின் என்று சுற்றுப்பயணம். இதை ஏதோ பண்பாட்டுச் சேவை என்று நினைக்காதீர்கள். அது பிழைப்பு. ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கிய ஜனங்களை நம்பித்தான் அந்தக் குடும்பம் ஓடியது.

எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் இதுதான். நாடகத்துக்கு மொழி வேண்டும். பிரசங்கத்துக்கு வேண்டும், கட்சிக் கூட்டத்துக்கும் வேண்டும். போல்காவுக்கு வேண்டாம். பாட்டியின் ஃபின்னிஷ் மொழி புரியாத பேத்தியும் அதே பாட்டியோடு கைகோத்து வால்ட்ஸ் ஆட முடியும். மொழி கரைந்துகொண்டிருந்த ஒரு சமூகத்தில் மன்றக் கதவு அடைபடாமல் இருந்ததற்கு வியோலா மாதிரி ஆட்கள் ஒரு காரணம். அதற்காக எல்லாமே தப்பித்தது என்று சொல்ல மாட்டேன். பாட்டு வரிகளும் நாடகங்களும் நிறையப் போய்விட்டன. ஆட்ட மெட்டுகள் தங்கின.

1950களில் வியோலாவும் கணவரும் ஃப்ளோரிடாவின் லேக் வொர்த்துக்குக் குடிபெயர்ந்தார்கள். சுரங்கத்திலும் தச்சு வேலையிலும் உழைத்து ஓய்ந்த ஃபின்லாந்துக்காரர்கள் பனிக்குப் பயந்து அங்கே குவிந்திருந்தார்கள். ஆக, ஆடுகிறவர்கள் போன இடத்துக்கே அக்கார்டியனும் போனது. பனை மரத்தடியில் வடக்கத்தி போல்கா! 1958 டிசம்பர் 26 அன்று புற்றுநோயால் அங்கேயே இறந்தார். வயது 49.

அவருடைய பதிவுகள் இன்று இணையத்தில் கிடைக்கின்றன. ராத்திரி ஹாஸ்டலில் ஹெட்ஃபோன் போட்டு ஒன்றைக் கேளுங்கள். கீறல் சத்தம் முதல் பத்து விநாடி எரிச்சலாக இருக்கும், அப்புறம் பழகிவிடும். இரண்டு அக்கார்டியன் சேர்ந்து வரும் இடத்தில் உங்க கால் தானா தரையில் தட்டுதான்னு பாருங்க. தட்டினா ரூம்மேட்டை எழுப்பிடாதீங்க.