கோரஸ் பெண்களின் தலைவி

உயர்தரத்துக்கு நாடகமும் அரங்கியலும் பாடத்தை நான் தெரிவு செய்தபோது வீட்டில் யாரும் பெரிதாக எதிர்க்கவில்லை. ஆனால் கல்லூரிச் சஞ்சிகைக்கு ஒரு நடிகையின் வாழ்க்கையை எழுதப் போகிறேன் என்றதும், தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டிருந்த உம்மா காலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எழுதுவதற்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று கேட்டார். அவர் நடித்ததைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை, 1919ஆம் ஆண்டில் நடிக்க மறுத்ததைப் பற்றித்தான் எழுதுகிறேன் என்றேன். உம்மாவுக்கு அது விளங்கவில்லை. இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது.

மேரி டிரெஸ்லர் 1868 நவம்பர் 9ஆம் திகதி, கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் கோபர்க் என்ற சிறிய ஊரில் பிறந்தார். தந்தை இசை ஆசிரியர், கடும் கோபக்காரர். பதினான்கு வயதில் மேரி வீட்டை விட்டுப் புறப்பட்டு, ஊர் ஊராகப் போய் நாடகம் போடும் ஒரு குழுவில் சேர்ந்தார். (பதினான்கு வயதில் என்னைத் தனியாகக் கடைக்குக்கூட அனுப்பமாட்டார்கள்.) தன் குடும்பப் பெயர் மேடையில் அடிபடுவதைத் தந்தை விரும்பவில்லை. அதனால் உறவினரான ஒரு மாமியின் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்டார். உம்மா என்னிடம் கேட்ட கேள்வி அந்த வீட்டிலும் கேட்கப்பட்டிருக்கிறது போலும்.

ஆரம்பத்தில் கிடைத்த கூலி வாரத்துக்கு ஆறு அல்லது எட்டு டொலர். அதில் பாதியைத் தாய்க்கு அனுப்பினார். அடுத்து வேலை செய்த இசை நாடகக் கம்பனி எட்டு டொலர் தருவதாகச் சொன்னது. அந்தப் பணம் ஒருபோதும் தன் கைக்கு வரவில்லை என்று பிற்காலத்தில் அவர் சொல்லியிருக்கிறார். வேறொரு கம்பனியில் கோரஸ் பெண்ணாகவும் நின்றார். கோரஸ் என்றால் முன்னால் நிற்கும் நட்சத்திரத்துக்குப் பின்னால் வரிசையாக நின்று பாடி ஆடுபவர்கள். நிகழ்ச்சித் தாளில் அவர்களுடைய பெயரைத் தேடிப் படிப்பவர்கள் குறைவு.

மேரி அழகி அல்ல. பெருத்த உடம்பு, பரந்த முகம். பின்னாளில் எழுதிய சுயசரிதைக்கு அவரே அழகற்ற வாத்துக்குஞ்சின் கதை என்று பொருள்படத் தலைப்பு வைத்தார். அந்த உடம்பை வைத்தே சிரிக்க வைத்தார். 1892இல் நியூயோர்க் மேடைக்கு வந்தார். 1896இல் ஒரு நகைச்சுவை இசை நாடகம் அவரை நட்சத்திரமாக்கியது. 1914இல் சார்ளி சப்ளினோடு முழுநீள நகைச்சுவைத் திரைப்படமொன்றில் நடித்தார். முதலாம் உலகப் போரின்போது ஊர் ஊராகப் போய் யுத்தக் கடன் பத்திரங்களை விற்கப் பொது மேடைகளில் பேசினார். கூட்டத்துக்கு முன்னால் பயமில்லாமல் பேசும் பழக்கம் அங்கே நன்றாக ஊறியிருக்க வேண்டும். அடுத்த ஆண்டே அது தேவைப்பட்டது.

அக்காலத்து அமெரிக்க நடிகர்களின் நிலையை வாசித்தபோது எனக்கு நம்ப முடியவில்லை. ஒத்திகைக்குச் சம்பளம் கிடையாது. இசை நாடகங்களின் ஒத்திகை வாரக்கணக்கில் நீளும். நாடகம் பிடிக்காமல் போய் இரண்டு நாளில் நின்றுவிட்டால் அந்த உழைப்பு முழுவதும் வீண். வெளியூரில் கம்பனி முறிந்தால் ஊர் திரும்பும் ரயில் காசும் கையில் இருக்காது. கோரஸ் பெண்கள் தங்கள் சப்பாத்தையும் காலுறையையும் சொந்தக் காசில் வாங்க வேண்டியிருந்தது.

இந்தப் பகுதியை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். உம்மா ஒரு கடைக்கு உடுப்புத் தைத்துக் கொடுக்கிறார். துணி கடையுடையது. நூலும் பொத்தானும் உம்மாவுடையவை. திருத்தச் சொல்லித் திரும்பி வரும் உடுப்புக்குத் தனிக் கூலி இல்லை. வாசித்து முடித்ததும் அந்தப் பெண்கள் பிறகு என்ன செய்தார்கள் என்று கேட்டார். அதற்குப் பிறகு இரவில் தைக்கும்போதெல்லாம் மீதியைச் சொல்லச் சொன்னார்.

1913இல் 112 நடிகர்கள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்திருந்தார்கள். அதில் கோரஸ் பெண்களுக்கு இடமில்லை. தயாரிப்பாளர்கள் சங்கத்தோடு பேச மறுத்தபோது, 1919 ஓகஸ்ட் 7ஆம் திகதி நியூயோர்க்கில் நடிகர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஐந்து நாட்களின் பின் கோரஸ் கலைஞர்களுக்கென்று தனிச் சங்கம் உருவானது. அதன் முதல் தலைவியாக மேரி டிரெஸ்லர் தெரிவானார்.

அப்போது அவருக்கு ஐம்பது வயது. சப்பாத்துக் காசைப் பற்றி அவர் கவலைப்பட வேண்டிய காலம் எப்போதோ முடிந்துவிட்டது. ஜோர்ஜ் கோஹன் போன்ற பெரிய நட்சத்திரங்கள் தயாரிப்பாளர் பக்கம் நின்று போட்டிச் சங்கமே அமைத்தார்கள். மேரியும் அங்கே போயிருக்கலாம், அல்லது வீட்டில் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் கைக்கு வராத அந்த எட்டு டொலரை அவர் மறக்கவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

கோரஸ் இல்லாமல் இசை நாடகம் ஓடாது. மேடைத் தொழிலாளர்களும் இசைக் கலைஞர்களும் சேர்ந்துகொண்டதும் அரங்குகள் ஒவ்வொன்றாக இருண்டன. வேலைநிறுத்த நிதிக்காக நடிகர்களே ஓர் அரங்கில் நிகழ்ச்சிகள் நடத்தினார்கள். எதெல் பரிமோர் போன்ற பெரிய நடிகையோடு மேரியும் அதில் தோன்றினார். முப்பது நாட்கள் நடந்த போராட்டத்தில் 37 நாடகங்கள் நின்றன, 16 நாடகங்கள் தொடங்கவே இல்லை. செப்டெம்பர் 6ஆம் திகதி தயாரிப்பாளர்கள் ஒப்பமிட்டார்கள். வாரத்துக்கு எட்டுக் காட்சிகள் என்ற கணக்கும், சம்பளமில்லாத ஒத்திகைக்கு ஓர் எல்லையும் வந்தன. ஒத்திகைக்கே சம்பளம் வர இன்னும் பல ஆண்டுகள் எடுத்தன.

அதன் பிறகு மேரிக்கு வாய்ப்புகள் குறைந்தன. வேலைநிறுத்தத்தைத் தயாரிப்பாளர்கள் மன்னிக்கவில்லை என்பார்கள். வயதும் ஒரு காரணமாக இருந்திருக்கும். 1920களில் பெரும்பாலும் வேலையில்லாமல் இருந்தவரை, பிரான்சிஸ் மரியன் என்ற திரைக்கதை எழுத்தாளர் 1927இல் ஹொலிவூட் படமொன்றுக்கு அழைத்துக்கொண்டார். அதுவும் ஒரு பெண்ணின் கைதான். 1931 நவம்பர் 10ஆம் திகதி, தன் 63ஆவது பிறந்தநாளுக்கு மறுநாள், மேரி சிறந்த நடிகைக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் அமெரிக்காவில் அதிக வசூல் தந்த நட்சத்திரம் அவர்தான். 1934 ஜூலை 28ஆம் திகதி புற்றுநோயால் இறந்தார். நீண்ட காலம் தன் வீட்டில் வேலை செய்த பெண்ணுக்கும் அவருடைய கணவருக்கும் உயிலில் பணம் எழுதி வைத்திருந்தார். கோரஸ் சங்கம் 1955இல் நடிகர் சங்கத்தோடு ஒன்றாகியது.

கட்டுரையை முடித்த இரவு, கடைக்குக் கொடுக்கும் பில்லில் நூலுக்கும் பொத்தானுக்கும் தனியாக ஒரு வரி எழுதச் சொன்னார் உம்மா. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் நானே எழுதினேன். கடையிலிருந்து இன்னும் பதில் வரவில்லை.