நம்ம சிவில்காரர் தீன் தயாள்

சிவில் படிக்கிற பையனுக்குக் கல்யாண வீட்டில் கேமரா பிடிக்கிற வேலை எதுக்கு என்று என் வீட்டில் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒரே பெயர்: லாலா தீன் தயாள்.

1844-ல் மீரட் அருகே சர்தானாவில் பிறந்தார். ரூர்க்கி தாம்சன் பொறியியல் கல்லூரியில் படித்தார். 1866-ல் இந்தூரில் பொதுப்பணித் துறையில் சேர்ந்து எஸ்டிமேட்டும் டிராயிங்கும் போட்டார். நம்ம ஆளுதான்! 1874-ல் கேமராவைத் தொட்டார். கண்ணாடித் தகட்டில் படம் பிடித்த காலம் அது. குவாலியர், சாஞ்சி கட்டடங்களை அவர் எடுத்த படங்கள் 1886-ல் புத்தகமாயின. கோடு பிசகாத அந்தக் கண் டிராயிங் டேபிளில் வந்ததுதான் என்பது என் எண்ணம். பிறகு ஐதராபாத் நிஜாமின் அரசவைப் புகைப்படக்காரர் ஆனார்.

என்னை அசத்தியது வேறு. கோஷாப் பெண்கள் வெளி ஆண் முன்னால் உட்கார மாட்டார்கள். அவர்களுக்கென்றே 1892-ல் ஐதராபாத்தில் தனி ஸ்டூடியோ திறந்து, ஓர் ஆங்கிலேயப் பெண்மணியிடம் பொறுப்பை விட்டார். ஆண்களுக்கு அங்கே அனுமதி கிடையாது!

போன ஆவணியில் ஒரு கல்யாணம். மணப்பெண்ணின் பாட்டி கேமராவைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் விடவில்லை, எடுத்துவிட்டேன். படத்தில் கோபம்தான் விழுந்திருந்தது. இவர் கதையைப் படித்த பிறகுதான் தப்பு எங்கே என்று உறைத்தது.

1905-ல் அவர் மறைந்தார். அவருடைய 2,857 கண்ணாடி நெகட்டிவ்களை டெல்லி இந்திரா காந்தி தேசியக் கலை மையம் 1989-ல் வாங்கியது. அடுத்த முகூர்த்தத்தில் பாட்டிகளிடம் கேட்டுவிட்டுத்தான் கேமராவைத் தூக்குவேன்.